அங்கீகாரம் எதற்குச் சாட்சி? வெளிநாட்டுத் தத்தெடுப்பும் அதில் நிறுவனத்தின் இடமும்

வெளிநாட்டில் குடியேறிவிட்ட தமிழ்த் தம்பதியர், ஊரிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று முடிவுசெய்ததும் உறவினரிடமும் நண்பரிடமும் முதலில் கேட்பது "நல்ல ஏஜென்சி ஏதாவது தெரியுமா?" என்பதைத்தான். மனை வாங்கவும் விசா எடுக்கவும் ஆள் தேடிப் பழகிய தொனி அந்தக் கேள்வியில் இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டால் காரியத்தை முடித்துத் தருவார். ஏமாற்றாதவராக இருந்தால் சரி. அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு நிறுவனத்தை இந்தக் கணக்கில் அணுகுகிறவர்கள் சில மாதங்களிலேயே சலித்துப்போகிறார்கள். குழந்தையின் படத்தைக் காட்ட மறுக்கிறார்கள், எந்த ஊர்க் குழந்தை வரும் என்று சொல்ல மறுக்கிறார்கள், நம் வங்கிக் கணக்கையும் மணவாழ்க்கையையும் குடைகிறார்கள், எப்போது முடியும் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள் என்பது அவர்களுடைய குறை. அந்தக் குறைகளில் பெரும்பாலானவை நிறுவனத்தின் அலட்சியத்தால் விளைபவை அல்ல. அப்படித் தடுத்து நிற்பதற்காகவே அதற்கு அங்கீகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டது உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கடிதம். சமூக சேவை நிறுவனங்கள் என்ற பெயரில் இயங்குவோர் இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதில் முறைகேடுகள் நடக்கின்றன என்று வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பளித்தார். அக்காலத்தில் ஒரு வெளிநாட்டவர் இந்தியாவிலேயே தத்தெடுத்து முடிப்பதற்குச் சட்டம் இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும் பொருந்தியது. ஆகவே அவர்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் காப்பாளர் என்ற தகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு, குழந்தையோடு விமானம் ஏறி, தங்கள் நாட்டு நீதிமன்றத்தில் தத்தெடுப்பை நிறைவுசெய்தார்கள். அங்கே நிறைவு செய்யாமல் விட்டுவிட்டால் அந்தக் குழந்தை மகனும் அல்ல, மகளும் அல்ல. கேட்பதற்கு இங்கேயும் ஆளில்லை, அங்கேயும் ஆளில்லை.

அந்தத் தீர்ப்பு வகுத்த நெறிகளில் இன்றுவரை நிலைத்திருப்பது, எந்த வெளிநாட்டவரும் இந்தியாவிலுள்ள காப்பகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கக் கூடாது, அவருடைய நாட்டு அரசு அங்கீகரித்த ஒரு நிறுவனம் அவரை ஆய்ந்து பரிந்துரைத்தால் மட்டுமே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது. இதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்கள் மூன்று. நேரடித் தொடர்பைத் துண்டித்தால் குழந்தையை வைத்துப் பணம் பண்ணும் வாய்ப்பு குறையும். டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் நீதிபதி, ஸ்டாக்ஹோமில் உள்ள ஒரு தம்பதியின் வீடு எப்படிப்பட்டது என்று தானாக அறிய இயலாது. குழந்தை போய்ச் சேர்ந்தபின் அது நலமாக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஊரில் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். இன்று அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் செய்கிற வேலைகள் அனைத்தையும் இந்த மூன்று காரணங்களுக்குள் அடக்கிவிடலாம்.

இதே சிந்தனை ஒன்பது ஆண்டுகள் கழித்து உலக அளவில் ஒப்பந்தமாயிற்று. 1993 மே 29 அன்று ஹேக் நகரில் நிறைவேறிய உடன்படிக்கை, மூன்று நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று ஏற்பாடு. அப்படி முதலில் உறுதிசெய்த மூன்று நாடுகள் மெக்சிகோ, ருமேனியா, இலங்கை. குழந்தைகளைக் கொண்டுபோவதில் கடுமையான அடிபட்ட நாடுகளே முதலில் உறுதிசெய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கையின் கதைக்குப் பின்னர் வருகிறேன். இந்தியா 2003இல் சேர்ந்தது. 1990இல் தொடங்கப்பட்ட மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது எல்லோரும் சொல்கிற காரா, இந்தியாவின் சார்பில் இந்த உடன்படிக்கைக்குப் பொறுப்பான அமைப்பாயிற்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதற்குச் சட்டபூர்வ நிலையைக் கொடுத்தது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்தெடுப்பு ஆணையை, 2021இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

உடன்படிக்கையின் 12ஆம் பிரிவில் ஒரு நுட்பமான விதி இருக்கிறது. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இன்னொரு நாட்டுக் குழந்தைகளின் தத்தெடுப்பில் ஈடுபட வேண்டுமானால் இரு நாட்டு அரசுகளும் தனித்தனியே அனுமதி தர வேண்டும். அமெரிக்காவில் முழு அங்கீகாரத்தோடு இயங்கும் ஒரு நிறுவனம், கொலம்பியாவிலிருந்து பல குழந்தைகளைக் கொண்டுவந்திருந்தாலும், காராவின் பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால் இந்தியக் குழந்தையைப் பொறுத்தவரை அது வெறும் அலுவலகம். பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் இணையதளத்தில் சிரிக்கும் குடும்பப் படங்களை அல்ல. காரா வெளியிட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, அதன் அனுமதி இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

இனி நிறுவனம் உள்ளே வந்து செய்யும் முதல் வேலையான வீட்டாய்வைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் சென்னையில் படித்து, பெங்களூரில் வேலைபார்த்து, மூன்றாண்டு சிங்கப்பூரில் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தவர். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர் குடியிருந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் அவர்மீது குழந்தைகளுக்கு எதிரான குற்றப் பதிவு ஏதேனும் உண்டா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. கல்லூரிக் காலத்தில் எப்போதோ கைதாகி, வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் அதைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும். அந்தக் கைதைவிட அதை மறைத்ததுதான் விண்ணப்பத்தைக் கவிழ்க்கும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். மருந்துகள் எட்டாத இடத்தில் இருக்கின்றனவா, புகை எச்சரிக்கைக் கருவி வேலைசெய்கிறதா என்று பார்ப்பது அதில் எளிய பகுதி. கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசுவதுதான் கடினமான பகுதி. கருத்தரிப்புச் சிகிச்சை எத்தனை ஆண்டு நடந்தது, அந்த ஏமாற்றம் ஆறியிருக்கிறதா, ஊரிலுள்ள பெரியவர்கள் இந்தக் குழந்தையைப் பேரனாக ஏற்பார்களா, குழந்தை மாநிறத்துக்கும் கறுப்பாக இருந்தால் என்ன சொல்வார்கள், நான்கு வயதில் வரும் பிள்ளை ஆறு மாதம் பேசாமலே இருந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். நம்மவர்கள் இந்தக் கட்டத்தில் கோபப்படுவது சகஜம். பெற்றுக்கொள்கிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லையே என்பது அவர்கள் வாதம். கேட்பதில்லைதான். ஆனால் பெற்ற குழந்தையை அரசு யாரிடமும் ஒப்படைப்பதில்லை. இந்தக் குழந்தையை இரண்டு அரசுகள் சேர்ந்து ஒப்படைக்கின்றன.

வீட்டாய்வோடு குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். இவற்றை முடித்தபின், அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் ஐ-800ஏ என்ற படிவத்தைக் கொடுத்துத் தாங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் பெறுகிறார்கள். இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. இப்படிவத்தைக் கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. கணவன், மனைவி இருவருமே குடியுரிமை இல்லாமல், நிரந்தரமாகத் தங்க மட்டும் உரிமை தரும் பச்சை அட்டையோடு (கிரீன் கார்டு) இருந்தால், இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் முன்னுரிமை பெற்ற வெளிநாடுவாழ் இந்தியர்களாக இருந்தும், குழந்தையை உடனே தங்களோடு கூட்டிச்செல்லும் வழி அமெரிக்கச் சட்டத்தில் அடைபட்டிருக்கிறது. காரா ஒப்புக்கொண்டுவிட்டதே என்று மகிழ்ந்தவர்களை விசா ஜன்னலில் நிறுத்துவது இந்த முரண்தான். நல்ல நிறுவனம் இதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே சொல்லிவிடும். பணம் வாங்கிய பிறகு சொல்கிற நிறுவனத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நிறுவனம் இந்த ஆவணங்களைக் காராவின் இணையதளமான கேரிங்ஸில் ஏற்றிய பிறகு காத்திருப்பு தொடங்குகிறது. இங்கிருந்து குழந்தையின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்டோ ஒப்படைக்கப்பட்டோ காப்பகத்துக்கு வந்த குழந்தையை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று அறிவிக்க வேண்டும். தாய் தானே ஒப்படைத்த குழந்தையென்றால் மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தைக்கு உரிமையாளர் யாரும் இருக்கிறார்களா என்று தேட வேண்டும்; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் குழு முடிவெடுக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகும் அறுபது நாள்கள் அந்தக் குழந்தையை இந்தியாவிலுள்ள பெற்றோருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும்தான் காட்டுவார்கள். எடுப்பார் இல்லை என்ற நிலையில் மட்டுமே அது வெளிநாட்டவருக்கான வரிசைக்கு வருகிறது. அங்கும் இந்திய வம்சாவளியினருக்கே முன்னுரிமை. உடல்நலக் குறையுள்ள குழந்தைகளுக்கும், உடன்பிறந்தோரோடு சேர்ந்தே போக வேண்டியவர்களுக்கும், ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டும் சட்டமே வெளிநாட்டுத் தத்தெடுப்பில் முதலிடம் தருகிறது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2022-23இல் இந்தியாவில் நடந்த 3,441 தத்தெடுப்புகளில் 431 மட்டுமே வெளிநாட்டுக்கானவை. உள்நாட்டிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் பதிவுசெய்து காத்திருக்கும்போது, ஆரோக்கியமான கைக்குழந்தை கடல் கடந்து போக இடமே இல்லை. இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் கைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிளவுபட்ட உதட்டோடும், இதயக் கோளாறோடும், கேட்கும் திறன் குறைந்தும், அல்லது பள்ளிக்குப் போகும் வயதிலும் இருப்பவர்கள். நம்மவர்கள் வேண்டாம் என்று தள்ளிய குழந்தைகளைத்தான் அவர்கள் எடுத்துப்போகிறார்கள் என்று சொன்னால் சிலருக்கு உறுத்தும். வரிசை அப்படித்தான் நகர்கிறது.

குழந்தையின் விவரம் வந்ததும் பெற்றோர் தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் இசைவைக் குறித்துவைக்க வேண்டும், பிறகு முப்பது நாளுக்குள் குழந்தையின் ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். அந்த முப்பது நாளில் நிறுவனம் செய்யும் உதவி விலைமதிப்பில்லாதது. மருத்துவ அறிக்கையில் எடை, உயரம், தலைச் சுற்றளவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனை முடிவுகள், எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது என்ற வரிகள் இருக்கும். தலைச் சுற்றளவு மாதந்தோறும் ஏறுகிறதா, ஓரிடத்தில் நின்றுவிட்டதா என்பதை அனுபவமுள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்பது, படத்தில் தெரியும் சிரிப்பைப் பார்ப்பதைவிட முக்கியம். அதன்பின் அமெரிக்கத் தரப்பில் ஐ-800 படிவம், உடன்படிக்கையின் 5ஆம் பிரிவின்படி வரும் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, 23ஆம் பிரிவின்படி இசைவுச் சான்றிதழ், கடவுச்சீட்டு, விசா என்று வரிசையாக நடக்கும். இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை மாறக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

வரிசை மாறுவதால் வரும் துன்பம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுக்கிறது. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், தங்கைக்கு இல்லை; மூன்றாவதை நீயே வைத்துக்கொள் என்கிறாள் அக்கா. தங்கையும் அவள் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள். விடுமுறைக்கு வந்தபோது ஐயரை அழைத்துத் தத்துச் சடங்கு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரமும் பதிவாகிவிட்டது. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அது செல்லத்தக்க தத்தெடுப்புதான். ரத்துச் செய்யக்கூட முடியாது. ஆனால் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடு. அமெரிக்க அரசு முன் ஒப்புதல் தருவதற்கு முன்பே தத்தெடுப்பை முடித்துவிட்டால் உடன்படிக்கை வழியிலான விசா விண்ணப்பம் பொதுவாக மறுக்கப்படும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பெற்ற தாயும் தந்தையும் இருவருமே உயிரோடிருந்தால், அவர்கள் குழந்தையை முறையாக வளர்க்க இயலாத நிலையில் இருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். வங்கியில் வேலைபார்க்கும் அக்காவும் ஆசிரியரான அத்திம்பேரும் அந்த வரையறைக்குள் வரவே மாட்டார்கள். பாசத்தால் கொடுப்பது என்ற ஒன்றே அந்தச் சட்டத்தின் கண்ணில் இல்லை. இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் தத்தெடுத்துவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்காகக் காரா 2021இல் தனி விதிகளைக் கொண்டுவந்து, மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்போடு தடையில்லாச் சான்று தர வழிசெய்திருக்கிறது. அது இந்தியத் தரப்பின் கதவை மட்டும் திறக்கிறது. பத்திரம் பதிவதற்கு முன்னால் ஒரு நிறுவனத்திடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும் செய்தி இது.

எல்லா நாட்டிலும் இப்படி நிறுவனம் இருப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமோ, பொறுப்பான அரசுத் துறையோ இல்லாத நாடுகளில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு இந்தியத் தூதரகமே அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. வளைகுடாவில் இருப்பவர்கள் தூதரகத்தைத்தான் அணுக வேண்டும்.

பணத்தின் பேச்சுக்கு வருவோம். தத்தெடுப்பிலிருந்து யாரும் முறையற்ற ஆதாயம் பெறக் கூடாது, ஊழியர்களுக்கு அளவுக்கு மீறிய ஊதியமும் கூடாது என்பது உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு. அங்கீகாரம் பெறும் நிறுவனம் இலாப நோக்கமற்றதாக இருக்க வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. வெளிநாட்டுப் பெற்றோர் இந்தியாவிலுள்ள சிறப்புத் தத்துவள மையத்துக்கு, அதாவது தத்துக் கொடுக்கும் காப்பகத்துக்கு, கொடுக்க வேண்டிய தொகையைக் காரா 5,000 அமெரிக்க டாலர் என்று நிர்ணயித்திருக்கிறது. அதற்கு மேல் நன்கொடையாகப் பணமோ பொருளோ மையம் பெறக் கூடாது. குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பும் மகிழ்ச்சியில் மையத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கித்தருகிறோம் என்று சொல்வது நம் வழக்கத்தில் நல்ல குணம். இந்தத் துறையில் அதைத் தடுக்கக் காரணம் உண்டு: அடுத்த குழந்தை எந்தக் குடும்பத்துக்குப் போகும் என்பதை அந்தப் பெட்டி தீர்மானிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்க விதிகள் இன்னும் ஒரு படி போய், குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று யாருக்கும் ஊக்கத்தொகை தரக் கூடாது என்றும், மொத்தச் செலவை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்றும் கட்டுப்படுத்துகின்றன. அங்கீகாரத்தைக் கொடுத்துக் கண்காணிக்கும் அமைப்பு அந்தக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும், புகார் வந்தால் விசாரிக்கும்.

இந்தக் கட்டுப்பாடுகள் மிகை என்று நினைப்பவர்கள் இராசிபுரத்தை நினைவுகூரலாம். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டத்தின் அந்த ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு தமிழகமெங்கும் பரவியது. ஆண், பெண், நிறம் என்று பிரித்துக் குழந்தைகளுக்கு விலை சொன்னார், பிறப்புச் சான்றிதழுக்குத் தனித் தொகை சொன்னார். அந்தக் குரலில் பதற்றம் எதுவும் இருக்கவில்லை. காய்கறிக் கடையில் பேசுவதைப்போல இருந்தது. சட்டத்துக்குப் புறம்பாகத் தத்துக் கொடுப்பதற்கு மூன்றாண்டு வரையும், குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை இருந்தும் அந்த வணிகம் நடந்திருக்கிறது. உள்நாட்டுக்குள்ளேயே இவ்வளவு என்றால், டாலர் வரும் வழியில் ஒரு தடுப்பும் இல்லாதிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வரலாறே இருக்கிறது.

இலங்கையில் 1980களில் நடந்தது அதுதான். அந்நாட்டிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனதாகக் கணக்கிடப்படுகிறது. குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் 'குழந்தைப் பண்ணைகள்' அங்கே இயங்கின. உண்மையான தாய்க்குப் பதிலாக வேறொரு பெண்ணை நீதிமன்றத்தில் நிறுத்தி, இவள்தான் தாய் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தாயைத் தேடிவந்த பிள்ளைகள் மரபணுச் சோதனை செய்துபார்த்தபோது, கட்டித் தழுவி அழுத அம்மா தன் அம்மா இல்லை என்று அறிந்தார்கள். இம்முறைகேடுகள் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி விசாரணை ஒன்றில் விரிவாக வெளிவந்தபின் இலங்கை அரசின் அமைச்சரே அவற்றை ஒப்புக்கொண்டார். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 இலங்கைக் குழந்தைகள் தத்துப் போயிருந்தார்கள். தன் அதிகாரிகள் எச்சரிக்கைகளை அறிந்தும் தடுக்கவில்லை என்று அந்நாட்டு அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது.

சென்னையின் கதை இதைவிட நமக்குக் கசப்பானது, ஏனென்றால் அதில் அங்கீகாரமும் இருந்தது. 1990களில் அரசு அங்கீகாரத்தோடு இயங்கிய ஒரு தத்தெடுப்பு நிறுவனத்துக்கு, வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் விற்கப்பட்டதாக 2005இல் காவல்துறை கண்டறிந்தது. வழக்கு பின்னர் சி.பி.ஐ. வசம் போயிற்று. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போயிருந்த குழந்தைகளை அங்கே வளர்த்தவர்கள், எல்லா ஆவணங்களும் சரியாக இருந்ததை நம்பி எடுத்தவர்கள். வீட்டாய்வு சரியாக இருந்தது, நீதிமன்ற ஆணை சரியாக இருந்தது, கடவுச்சீட்டு சரியாக இருந்தது. பொய்யாக இருந்தது கோப்பின் முதல் தாள் மட்டும்: இந்தக் குழந்தையைத் தாய் தானே ஒப்படைத்தாள் என்ற ஒரு தாள்.

வெளிநாட்டு நிறுவனத்தின் அங்கீகாரம் எதற்குச் சாட்சி சொல்கிறது என்பது இங்கேதான் துலங்குகிறது. அது பெற்றோருக்குச் சாட்சி, பணம் வந்துபோன வழிக்குச் சாட்சி, கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்பதற்குச் சாட்சி. குழந்தை காப்பகத்துக்கு வந்துசேர்ந்த அந்த முதல் நாளுக்கு அதனால் சாட்சி சொல்ல முடியாது. அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் ஒரு காவலர், ஒரு செவிலியர், ஒரு காப்பகப் பணியாளர், சிலவேளை தாய். மினியாபோலிஸிலிருந்து வரும் நிறுவனத்தின் பிரதிநிதி எத்தனை முறை விமானம் ஏறினாலும் அந்த அறைக்குள் பின்னோக்கிப் போக முடியாது. முதல் தாளைக் காக்கும் பொறுப்பு குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும்தான் இருக்கிறது; அவற்றில் காலியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் விதிகளைக் கூட்டிக்கொண்டே போவது கொல்லைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலுக்கு இரட்டைப் பூட்டுப் போடுவதாகும்.

இந்த இடைவெளியை மூட முடியாது என்று முடிவெடுத்த நாடுகளும் உண்டு. நெதர்லாந்து 2021இல், கடந்தகால முறைகேடுகள் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த நாளிலேயே வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்து, 2024இல் அதைப் படிப்படியாக முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சீனா 2024இல் தன் குழந்தைகளை, உறவினர் எடுப்பது போன்ற விதிவிலக்குகள் தவிர, வெளியே தருவதை நிறுத்தியது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை ஆணையம், பெற்றோர் உள்ள குழந்தைகளை அநாதைகளாகப் பதிவுசெய்து அனுப்பிய தனியார் நிறுவனங்களைக் கண்காணிக்க அரசு தவறியது என்று தீர்ப்பளித்தது. அந்நிறுவனங்கள் அரசு உரிமம் பெற்றவை. 2004இல் சுமார் 23,000 குழந்தைகளை வெளிநாடுகளிலிருந்து பெற்ற அமெரிக்கா, 2023இல் பெற்றது 1,275 பேரை. இந்தியா கதவைச் சாத்தவில்லை, குறுக்கியிருக்கிறது. கேட்கும் திறனற்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு இந்நாட்டில் எவரும் முன்வராதபோது, காப்பகமா கடல் கடந்த வீடா என்ற கேள்விக்கு இரண்டாவதே சரி என்பது என் கருத்து. முதல் தாள் மெய்யாக இருக்கும்வரை.

குழந்தை வீடு போய்ச் சேர்ந்த பிறகு நிறுவனத்தின் வேலை இரண்டாண்டு தொடர்கிறது. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கொரு முறை என்று ஆறு அறிக்கைகளைப் படங்களோடு காராவுக்கு அனுப்ப வேண்டும். எடை எவ்வளவு ஏறியது, இரவில் எழுந்து அழுகிறதா, உணவை மறைத்துவைக்கிறதா, பழைய மொழியில் ஏதேனும் சொல் சொல்கிறதா என்று எழுதுவார்கள். ஒட்டாமல் போனால் ஆலோசனை தருவதும், அதுவும் பலிக்காவிட்டால் வேறு குடும்பம் தேடுவதும் அதே நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்காவில், முழுமையான தத்தெடுப்போடு வரும் குழந்தை, 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தால் நாட்டில் கால்வைத்ததும் குடியுரிமை பெற்றுவிடுகிறது. அந்நாளில் பதினெட்டு வயதைக் கடந்திருந்தவர்களுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. வளர்த்தவர்கள் குடியுரிமைப் படிவத்தை நிரப்ப மறந்ததால், ஆங்கிலம் தவிர வேறு மொழி அறியாமல், எந்த நாட்டுக் குடிமகனும் அல்லாமல் நடுவயதை எட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அவர்களைப்போல வளர்ந்துவிட்டவர்கள் ஒருநாள் தங்கள் கோப்பைக் கேட்டு வருவார்கள். குழந்தையின் பூர்வீகத் தகவல்களைக் காத்துவைக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பியவர் தானே காராவிடமோ, தன்னைக் கொண்டுபோன நிறுவனத்திடமோ, இந்தியாவிலுள்ள மையத்திடமோ விண்ணப்பிக்கலாம். வயது நிரம்பாதவர் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். தனக்காக இன்னொருவரைத் தேடச் சொல்ல விதி இடம்தராது. பெயரை வெளியிட வேண்டாம் என்று தாய் ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தால், அவளுடைய சம்மதம் இல்லாமல் அவள் இருப்பிடத்தைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு வார விடுப்பில் வந்திறங்கி, காப்பகத்தின் அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கும், அப்படித் தத்துப்போய் வளர்ந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு முன்னால் பணியாளர் கோப்பைத் திறப்பார். வீட்டாய்வு நாற்பது பக்கம் இருக்கும், தூதரக முத்திரைகள் இருக்கும், இரண்டாண்டு அறிக்கைகளில் தன் பிறந்தநாள் கேக்கின் படம்கூட இருக்கும். அவள் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதல் தாளைத் திருப்பிக் காட்டச் சொல்வாள்.